உப்பைத் தின்னும் நுண்ணுயிர் உண்டா? வாசகர் கேள்வி – பதில்

நுண்ணுயிர், செடி, காளான் இவற்றைக் கொண்டு மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்வது பற்றி நொய்யல், பவானி, ஆழியாற்றுப் பக்கங்களிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் எட்டை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நாலு ஏக்கர் தோட்டம்ங்க. கிணத்துத் தண்ணி இன்னும் கரிக்குது, கரைஞ்ச உப்பை அளக்குற டி.டி.எஸ் மீட்டர் 3,000 காட்டுது. 'உப்பைத் தின்னும் நுண்ணுயிர்'னு கடையில அஞ்சு லிட்டர் கேன் குடுத்தாங்க. கிணத்துல ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சு, மீட்டர் அப்படியே நிக்குது. டோஸ் பத்தலைங்களா?
– விவசாயி, சென்னிமலை

பதில்: ஐந்து லிட்டருக்குப் பதில் ஐந்நூறு லிட்டர் ஊற்றியிருந்தாலும் மீட்டரில் அதே எண்தான் வந்திருக்கும். உங்கள் பணத்தை வாங்கியவர்கள் உங்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை.

நுண்ணுயிர் தின்பது கரிமப் பொருளை: சர்க்கரை, மாவு, கொழுப்பு, சாணம், ஏன், டீசலைக்கூடத் தின்னும். அதை உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கி, அதில் வரும் சக்தியில் பிழைக்கும். சோடியம் ஒரு தனிமம். அதை உடைக்கவோ வேறொன்றாக மாற்றவோ எந்த உயிராலும் ஆகாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 80 கிராம் வரை சாதா உப்போ கிளாபர் உப்போ போடுவார்கள். அந்த உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, தான் மட்டும் கழிவோடு வெளியே வந்துவிடும். 1992-இல் கட்டி முடித்த அணையில் தேங்கியதும், பாறை வெடிப்பு வழியாக உங்கள் கிணற்றுக்கு இறங்கியதும் அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் மறுபடி ஓட்ட விட்டார்கள். ஆனாலும் முன்பே பாறை இடுக்கில் இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது.

'நுண்ணுயிர் இல்லாவிட்டால் உப்பை உறிஞ்சும் செடி உண்டே' என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். உங்கள் டி.டி.எஸ் 3,000, அதாவது லிட்டருக்கு 3 கிராம் என்றால் ஒரு பாய்ச்சலுக்கு 600 கிலோ உப்பு காட்டுக்குள் போகிறது, ஐம்பது கிலோ மூட்டையில் பன்னிரண்டு. உமரி போன்ற உவர்நிலச் செடி ஏக்கருக்கு 4 டன் காய்ந்த தழை தந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு என்றே வைத்துக்கொண்டாலும், வெளியே எடுப்பது 1.3 டன். மூன்றாவது பாய்ச்சலிலேயே அதைவிடக் கூடுதல் உப்பு உள்ளே வந்துவிடும். அறுத்த தழையை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வேறு.

உயிர்கள் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீரில் இல்லை, மண்ணில். முதலில் உங்கள் மண் உவர் மண்ணா, களர் மண்ணா என்று பாருங்கள். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. ஒரு நாள் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியது மாதிரி மங்கலாகப் பரவியிருந்தால், சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துப்போட்டிருக்கிறது, அது களர். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர்த்தன்மை குறைவு, அல்லது உப்பு மிக அதிகமாக இருந்து அதை மறைக்கிறது. ஆகவே இதோடு நிற்காமல் மண் பரிசோதனைக் கூடத்தில் இ.சி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்), பி.எச் (அமில, காரத் தன்மை), மாற்றுச் சோடிய விழுக்காடு (களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இ.சி 4-க்கு மேல் இருந்தால் உவர். சோடிய விழுக்காடு 15-க்கு மேல், பி.எச் 8.5-க்கு மேல் இருந்தால் களர். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை.

களராக இருந்தால், கூடம் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதியைப் போட்டு உழுது, நல்ல தண்ணீரைத் தேக்கி ஒன்றிரண்டு நாள் கழித்து வடித்துவிடுங்கள். அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாளில், மடக்கி உழுங்கள். நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்புக் கல் நிறைய. தக்கைப்பூண்டு வேரும், மட்கும் தழையைத் தின்னும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கும். கரையும் கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து விலக்கும். விலகிய சோடியத்தைக் கீழே கழுவ மழை வேண்டும். அதனால் இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கும்படி நாள் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரையே தேக்கிச் செய்தால் ஒரு கையால் எடுத்து மறு கையால் போடுகிற கதைதான்.

கிணற்றின் டி.டி.எஸ்ஸைக் குறைப்பது மழைத்தண்ணீர் கலப்பு மட்டுமே. கிணற்று மேட்டுக்கு மேல்புறம் குட்டை வெட்டித் தேக்குங்கள். அதுவரை தென்னை, பருத்தி, சோளம், கம்பு நேப்பியர் தீவனப்புல் தாங்கும். வெங்காயம், பீன்ஸ் வேண்டாம்.

கேள்வி: சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறேன். காற்று ஊதாத தொட்டியில் சாயத்தின் நிறம் நன்றாக வெளுக்கிறது. 'நிறம் போய்விட்டது, வேலை முடிந்தது' என்கிறார்கள். ஆனால் அழுகின முட்டை நாற்றம் தாங்கவில்லை. திங்கட்கிழமைகளில் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியும் நுரைத்துக் கெட்டுப்போகிறது.
– ஆப்பரேட்டர், திருப்பூர்

பதில்: நிறம் போனதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆபத்தான பாதி மீதி இருக்கிறது.

சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. அதன் நிறம் இரண்டு நைட்ரஜன் சேரும் பிணைப்பில் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அந்தப் பிணைப்பை வெட்டியதும் தண்ணீர் வெளுத்துவிடும். வெட்டிய துண்டுகளோ அரோமேடிக் அமீன்கள். கண்ணுக்குத் தெரியாது, சிலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உண்டு. காற்றில்லாமல் அவை மேற்கொண்டு உடைவது மிக அரிது. அடுத்த தொட்டியில் காற்று கொடுத்தால்தான் வேறு பாக்டீரியா அவற்றைத் தின்னும், அதிலும் சில வகை தப்பிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். காற்றில்லாத தொட்டிக்குப் பின்னும் ஏரேஷனுக்குப் பின்னும் சி.ஓ.டி (தண்ணீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எடுத்துப் பாருங்கள். முதல் தொட்டியில் நிறம் முழுக்க விழுந்தும் சி.ஓ.டி பெரிதாக இறங்காமல் இருப்பது வழக்கம்.

முட்டை நாற்றத்துக்குக் காரணம் கிளாபர் உப்பு. அது சோடியம் சல்பேட். காற்றில்லாத இடத்தில் ஒரு கூட்டம் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அது கான்கிரீட்டை அரிக்கும், மோட்டாரின் செம்புச் சுருளைக் கறுக்க வைக்கும், ஆளையும் கொல்லும். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். எந்தக் காரணத்துக்காகவும் வாயுமானி, காற்றோட்டம், மேலே கயிறோடு ஆள், இவை மூன்றும் இல்லாமல் தொட்டிக்குள் இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாம் ஆளும் சாவதுதான் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இனி திங்கட்கிழமை. ஞாயிறு பட்டறைகள் ஓடாது, தொட்டியில் இருக்கும் நுண்ணுயிருக்குத் தீனி இல்லை. பட்டினி கிடந்ததன்மேல் திங்கள் காலை எல்லாப் பட்டறையின் முதல் தொட்டிக் கழிவும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது: பி.எச் 10-க்கு மேல், சூடு 40 டிகிரிக்கு மேல், வெளுப்புக்குப் போட்ட பெராக்சைடின் மிச்சம். பெராக்சைடு கிருமிநாசினி. தொட்டியில் இருப்பது நீங்கள் வளர்க்கும் கிருமிதானே. செய்ய வேண்டியது: சனிக்கிழமை சமன்செய் தொட்டியில் (வரும் கழிவைச் சேர்த்துக் கலந்து சீராக்கும் தொட்டி) கொஞ்சம் கழிவை நிறுத்திவைத்து ஞாயிறு முழுக்கச் சிறு அளவில் விடுங்கள், ஏரேட்டரை அடியோடு நிறுத்தாதீர்கள். திங்களன்று சமன்செய் தொட்டியைவிட்டு வெளியேறும் தண்ணீர் பி.எச் 6.5 முதல் 8.5-க்குள்ளும் சூடு 38-க்குக் கீழும் வரும்வரை ஏரேஷனுக்கு அனுப்ப வேண்டாம். பெராக்சைடு பட்டைத் தாள் வாங்கி வைத்து ஒவ்வொரு ஷிப்டிலும் நனைத்துப் பாருங்கள். டி.டி.எஸ் ஒரே நாளில் 4,000-இலிருந்து 9,000-க்குத் தாவினாலும் செல்கள் நீரை இழந்து சாகும். வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றினால் தாங்கப் பழகும்.

சாயக் கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரசும் பற்றாக்குறை. பி.ஓ.டி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர் கேட்கும் ஆக்சிஜன்) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 இருக்கும்படி யூரியாவும் டி.ஏ.பி-யும் கரைத்து விட வேண்டும். பற்றாமல் போனால் இழை வகை நுண்ணுயிர் பெருகிக் கசடு படியாது. ஒரு லிட்டர் உருளையில் ஏரேஷன் தண்ணீரை நிரப்பி 30 நிமிடம் விடுங்கள். 600 மில்லி உயரத்தில் கசடு நின்று, எம்.எல்.எஸ்.எஸ் (தொட்டி நீரில் மிதக்கும் கசடு) லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால், ஒரு கிராம் கசடு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்று சொல்லும் குறியீடு 200. அது 150-க்குள் இருப்பதுதான் நல்லது. கசடு பழுப்பாக, மண்வாசனையோடு இருக்க வேண்டும். கறுத்தால் காற்று போதவில்லை. கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிடிப்பது பின்னால் வரும் ஆர்.ஓ-வும் ஆவியாக்கியும்தான். ஆனால் பயோ தொட்டி கெட்டால் ஆர்.ஓ சவ்வில் கசடு அப்பி அதுவும் படுத்துவிடும்.

கேள்வி: எங்கள் குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அது தண்ணீரைச் சுத்தம் செய்யும், எடுக்காதீர்கள் என்கிறார் ஒருவர். பழத்தோல் என்சைம் ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
– குளப் பாதுகாப்புக் குழு, சிங்காநல்லூர்

பதில்: ஆகாயத்தாமரை சத்தையும் கன உலோகத்தையும் வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அறுத்து வெளியே எடுத்தால்தான் குளத்துக்கு லாபம். விட்டுவைத்தால் அது அங்கேயே அழுகி, இழுத்ததையெல்லாம் திருப்பித் தண்ணீரில் விட்டு, ஆக்சிஜனையும் குடித்துவிடும். நம் வெயிலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஆகவே மொத்தமும் எடுக்கும்வரை காத்திருக்காமல் மூங்கிலும் கயிறும் கட்டி ஒரு மூலைக்குள் அடக்கி, வாரம் ஒரு முறை அறுங்கள். கரையிலேயே குவிக்கக் கூடாது. எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் என்பதால் அதன் சாறு திரும்பக் குளத்துக்கே வடியும். பட்டறைக் கழிவு கலக்கும் குளமென்றால் மாட்டுக்கும் போடாதீர்கள், காய்கறிக்கு உரமாகவும் ஆக்காதீர்கள்.

என்சைம் வேண்டவே வேண்டாம். பழத்தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு ஊறவைப்பது அது. ஒரு கிலோ வெல்லம் முழுதும் மட்க ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் குளத்து நீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடித்து வைக்கும். அதாவது ஒரு கிலோ வெல்லம் ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரின் ஆக்சிஜனைக் கேட்கிறது. நல்ல எண்ணத்தோடு டிரம் டிரம்மாக ஊற்றினாலும் மூச்சுத் திணறுவது மீன்தான்.

கேள்வி: நார் மில் வைத்திருக்கிறோம். தென்னைநார்க் கழிவை ஆறு மாதம் குவித்தும் மட்கவில்லை. மழை பெய்தால் குவியலிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு சிவந்துவிட்டது.
– பொள்ளாச்சி

பதில்: நார்க் கழிவில் லிக்னின் (மரத்தைக் கெட்டியாக்கும் பொருள்) மிக அதிகம். அதைச் சாதாரண எரு பாக்டீரியாவால் தொட முடியாது. சிப்பிக் காளான் போன்ற வெண்ணழுகல் காளான்களால்தான் முடியும். இரண்டாவது குறை நைட்ரஜன்: கரிமமும் நைட்ரஜனும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் கிடக்கும். தீனி மலையாக இருந்தும் புரதம் இல்லாத நிலை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் கழிவுக்குச் சிப்பிக் காளான் வித்து ஐந்து பாட்டில், அதாவது ஒன்றரைக் கிலோ, யூரியா 5 கிலோ. நிழலில், கெட்டித் தரையில் 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடம். நீண்ட நாரைச் சலித்து எடுத்துவிட்டு, 100 கிலோ கழிவைப் பரப்பி ஒரு பாட்டில் வித்தைத் தூவுங்கள். அதன்மேல் 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. யூரியாவுக்குப் பதில் டன்னுக்கு 200 கிலோ புதிய கோழி எரு போடலாம். பல்லடம், நாமக்கல் பக்கத்தில் கிடைக்காமலா போகும்! 60 விழுக்காடு ஈரம் வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. இரண்டு மாதத்தில் நிறம் கறுத்து, குவியல் தாழ்ந்து, விகிதம் 24-க்கு 1 அருகில் வரும்.

உங்கள் குவியல் மட்காததற்குக் காரணம், எங்கள் கணிப்பில், காற்று. நார்க் கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். திறந்தவெளியில் மழை குடித்து, மேலே டிராக்டர் ஏறி அமுங்கியதும் உள்ளே காற்று நின்றுவிடும். காளானுக்குக் காற்று உயிர். ஐந்தடிக்கு மேல் உயர்த்தாதீர்கள், பத்து நாளுக்கு ஒரு முறை புரட்டுங்கள். அம்மோனியா நெடி கண்ணை எரித்தால் யூரியாவை ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் வித்து செத்திருக்கும்.

காப்பி நிறம் டானினும் பீனால் சேர்மங்களும். கழுவி இ.சி குறைத்த கழிவு விற்கும் மில்களில் அதோடு பொட்டாசியம், சோடிய உப்பும் சேர்ந்து இறங்கும். காளான் பீனாலை ஓரளவு உடைக்கும், உப்பை உடைக்காது. குவியல் எடை குறையக் குறைய மிச்சத்தில் உப்பின் செறிவு ஏறும். எனவே தரையைச் சிமெண்ட் பூசி, சுற்றிலும் வாய்க்கால் எடுத்து, தார்பாய் விரித்த குழியில் அந்த நீரைப் பிடித்து, மட்கும் குவியல்களுக்கே தெளியுங்கள். குழி நீரின் இ.சி ஏறிக்கொண்டே வரும், அதை மாதம் ஒரு முறை பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணறு தெளிய இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கலாம். இன்றைக்குக் குவியலுக்கு மேல் கூரை போட்டால் அந்தக் கணக்கு இன்றைக்கே தொடங்கும்.

கேள்வி: காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வைக்கிறோம். தோல் பதனிடும் ஷாப் கழிவு கலந்த காலத்தில் மண்ணில் குரோமியம் ஏறியிருக்கிறது. வெட்டிவேரோ சூரியகாந்தியோ வைத்து உறிஞ்ச முடியுமா?
– ஈரோடு

பதில்: ஒரு ஏக்கரின் மேல்மண் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1,100 டன். கிலோவுக்கு 200 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்தால் மொத்தம் 220 கிலோ. செடி வருடத்துக்கு 5 டன் காய்ந்த பொருள் தந்து, கிலோவுக்கு 50 மில்லிகிராம் இழுத்தால் வெளியேறுவது கால் கிலோ. எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதிலும் குரோமியம் வேரிலேயே தங்கிவிடும், தண்டுக்கு ஏறுவது சொற்பம். வெட்டிவேர் கரையைப் பிடித்து மண் அரிப்பைத் தடுக்கும், அதற்காக வையுங்கள்.

நுண்ணுயிரால் செய்யக்கூடியது வேறு. தண்ணீரில் எளிதில் ஓடும், நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியத்தை, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் மூவிணைதிற வடிவத்துக்கு மாற்றும். அதற்குத் தீனியாகத் தொழு உரம் தேவை. பரிசோதனையில் மொத்தக் குரோமியத்தையும் ஆறிணைதிறத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் எண் குறையாது. இரண்டாவது குறைந்தால் முன்னேற்றம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் திரும்பவும் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும். எண் கூடுதலாக இருக்கும் பாத்தியில் மஞ்சளை விட்டுப் பருத்தியோ பூவோ மரமோ வையுங்கள்.

கேள்வி: சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் கழிவுத் தண்ணீரிலிருந்து கேஸ் வரும் தொட்டி திடீரென்று புளித்துக் கேஸ் நின்றுவிட்டது.
– ராசிபுரம்

பதில்: தீனியை இன்றே நிறுத்துங்கள். மாவுத் தண்ணீரை அமிலமாக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுபவை பெருகப் பல நாள் பிடிக்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசன் உச்சத்தில் கூடுதலாக விட்டதும் முதல் கூட்டம் முந்திக்கொண்டது. பி.எச் 6.5-க்குக் கீழே போனால் இரண்டாம் கூட்டம் வேலையை நிறுத்திவிடும். சோடா பைகார்பனேட் கரைத்து 7-க்குக் கொண்டுவாருங்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் குழாயில் பாறையாகப் படியும். எரியும் கேஸ் திரும்பியதும் வழக்கமான அளவில் கால் பங்கில் தொடங்கி வாரந்தோறும் ஏற்றுங்கள். பி.எச் இறங்குவதற்குப் பல நாள் முன்பே ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.4-ஐத் தாண்டியிருக்கும். அதை வாரம் இருமுறை பார்த்திருந்தால் இது வராது. கிழங்கின் தோல் சரியாகச் சீவாமல் போனால் சயனைடும் சேரும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஒர்க்ஷாப் வாசலில் டீசல் பேரல் கவிழ்ந்து மண் ஊறிவிட்டது. எண்ணெய் தின்னும் பாக்டீரியா எங்கே வாங்குவது?
– கோவை, கணபதி பகுதி

பதில்: பெரும்பாலும் வாங்கத் தேவையில்லை. டீசலைத் தின்னும் இனங்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெய் தின்னும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை உண்டா என்பதில் அது பெரிய தீர்ப்பு. கடலில் கொட்டிய எண்ணெயை அள்ள அது போகவில்லை. 1989-இல் அலாஸ்கா கரையில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது பலன் தந்தது, அங்கிருந்த உயிர்களுக்கே உரம் போட்டதுதான்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஊறிய மண்ணை வெட்டித் தார்பாயில் ஒரு அடிக்கு மிகாமல் பரப்புங்கள். ஒரு டன் மண்ணில் 20 கிலோ டீசல் என்றால் யூரியா சுமார் 3.7 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2.4 கிலோ. யூரியாவை நான்காகப் பிரித்து மாதம் ஒரு பங்கு போடுங்கள், மொத்தமாகப் போட்டால் உயிர்கள் செத்துவிடும். வாரம் ஒரு முறை கொத்திவிட்டு, ஈரம் காயாமல், மழை படாமல் வைத்தால் மூன்று முதல் ஆறு மாதம். மண் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் டீசல் இருந்தால் நல்ல மண் கலந்து குறைத்துக்கொள்ளுங்கள். கழிவு இன்ஜின் ஆயிலுக்கு இந்த வழி சரிவராது. அதில் உலோகத் துகளும் உடையாத கனமான சேர்மங்களும் இருக்கும். அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து பேர் உள்ள வீடு. குளிக்கிற, துவைக்கிற, சமையல் தண்ணியைக் கல்வாழை வெச்சு சுத்தம் பண்ணி வாழைக்கு விடலாம்ங்களா? அளவு சொன்னாத் தேவலைங்க.
– கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக. உயிர்களைக் கொண்டு செய்யும் வேலைகளில் வீட்டளவில் நன்றாக நடப்பது இது, ஏனென்றால் இந்தத் தண்ணீரில் இருப்பதில் பெரும்பகுதி அவற்றுக்குத் தீனி. கக்கூஸ் தண்ணீரை மட்டும் சேர்க்காதீர்கள்.

ஆளுக்கு 80 லிட்டர் என்றால் நாளுக்கு 400. 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, நீளவாக்கில் 5 சென்டிமீட்டர் சரிவு. தடித்த தார்பாய் விரித்து, தண்ணீர் நுழையும் முதல் அரை மீட்டரில் ஒன்றரை அங்குலக் கல், மீதி முழுக்க அரை, முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லியைத் தூசி போகக் கழுவிப் போடுங்கள். கிரஷர் தூசி அடியில் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகும். கடைசியில் அடிமட்டத்தில் துளையிட்ட மூன்று அங்குலப் பி.வி.சி குழாயைக் குறுக்கே வைத்து, வெளியே ஒட்டாத எல்போ போட்டு நிமிர்த்துங்கள். அந்த எல்போவைச் சாய்த்தும் நிமிர்த்தியும்தான் உள்ளே நீர்மட்டத்தை மாற்றுவீர்கள். ஜல்லி மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நீர் நிற்க வேண்டும். மேலே நீர் தெரியாததால் கொசு முட்டையிடாது. இந்த அளவில் தண்ணீர் நாலரை நாளுக்கு மேல் உள்ளே தங்கும். சதுர மீட்டருக்கு நான்கு கிழங்கு, மொத்தம் நாற்பது. நட்ட முதல் இரண்டு வாரம் மட்டத்தை ஜல்லி விளிம்புவரை வைத்து, வேர் பிடித்ததும் இறக்குங்கள்.

கெடுவது எப்போதும் நுழைவாயிலில்தான். சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் நேரே வந்தால் கல் இடுக்கில் வழவழப்பான கறுப்புப் படலம் கட்டி, தண்ணீர் மேலே வழிந்து நாறும். அதனால் முன்னால் இரண்டு அறையுள்ள ஒரு தொட்டி, குறைந்தது 500 லிட்டர், அவசியம். முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்கு 'டி' குழாய் வைத்து நடுமட்டத் தண்ணீரை மட்டும் எடுங்கள். எண்ணெய் மேலே, சோறு கீழே நின்றுவிடும். மாதம் ஒரு முறை வழித்து எருக்குழியில் போடுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் இந்தக் குழாய்க்குள் போகவே கூடாது.

துணிச் சோப்பின் சோடியம் இதிலும் தங்காமல் வெளியே வரும். ஒரே வாழையடிக்கு வருடம் முழுக்க விடாமல் மூன்று நான்கு இடமாக மாற்றி மாற்றி விடுங்கள், மழைக்காலத்தில் நிறுத்திவிடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு விட வேண்டாம். கல்வாழை பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்துப் பாத்திக்கு வெளியே போடுங்கள், ஜல்லி மேல் விழுந்து மட்கினால் அந்த இடம் முதலில் அடைக்கும்.